ஆடிட் லாக்கில் இருப்பது உங்கள் கண்ணில் பட: மெயில் சர்வர் அலர்ட் அமைப்பது எப்படி?

ஒருவருடைய மெயில் பாஸ்வேர்டு எப்படியோ வெளியே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். எடுத்தவர் லாகின் செய்கிறார். பாஸ்வேர்டு சரியாக இருப்பதால் சர்வரும் கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே வந்தவர் யாருக்கும் மெயில் அனுப்பவில்லை, எதையும் அழிக்கவில்லை. ஒரே ஒரு இன்பாக்ஸ் ரூல் மட்டும் எழுதி வைக்கிறார்: ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் இருக்கிற மெயில் எது வந்தாலும் ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் ஃபோல்டருக்குப் போகட்டும். அந்த ஃபோல்டரை யார் திறந்து பார்க்கிறார்கள்? அப்புறம் நிதானமாக உட்கார்ந்து, வருகிற மெயில்களைப் படித்து, அதே பெயரில் பதிலும் எழுதி, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்’ என்று வேறொரு எண்ணைக் கொடுக்கிறார். கணக்குக்கு உரியவருக்கு விஷயம் தெரிவது, பணம் ஏன் இன்னும் வரவில்லை என்று அவரே போன் செய்து கேட்கும் நாளில்தான்.

இதில் எரிச்சலான விஷயம், சர்வருக்கு முதல் நிமிடத்திலேயே எல்லாம் தெரியும் என்பது. எந்தக் கணக்கு, எந்த ஐபி முகவரி, எத்தனை மணிக்கு, என்ன ரூல் என்று ஒரு வரி எழுதியே வைத்திருக்கும். யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட வரி எழுதப்பட்டதும் அது தானாகவே உங்களுக்கு மெயிலாக வந்து சேர வழி செய்வதைத்தான் ஆடிட் லாக் அலர்ட் என்கிறோம்.

மெயில் சர்வர் நாள் முழுக்க எதையாவது எழுதிக்கொண்டேதான் இருக்கும். இந்த மெயில் வந்தது, அந்த மெயில் போனது, இன்னொன்று எதிர் சர்வர் எடுக்காததால் க்யூவில் நிற்கிறது, இப்படி. லாக் எழுதும் பழக்கத்துக்கும் மெயிலுக்கும் பழைய உறவு உண்டு: இன்று லினக்ஸ் உலகம் முழுக்கப் புழங்கும் சிஸ்லாக் முறையே 1980களில் எரிக் ஆல்மன் என்பவர் செண்ட்மெயில் என்ற மெயில் சர்வருக்காக உருவாக்கியதுதான். ஆனால் இவையெல்லாம் போக்குவரத்துக் குறிப்புகள். ஆடிட் லாக், அதாவது தணிக்கைப் பதிவு, கேட்கும் கேள்வி வேறு: யார், எப்போது, எங்கிருந்து, யாருடைய பெட்டியில், என்ன செய்தார்? லாகின் முயற்சி, பாஸ்வேர்டு மாற்றம், ஒருவர் பெட்டியைத் திறக்க இன்னொருவருக்கு அனுமதி கொடுத்தது, ஃபார்வர்டு வைத்தது, அட்மின் ஒருவர் சர்வர் அமைப்பை மாற்றியது எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

இந்தப் பதிவு எங்கே கிடைக்கும் என்பது சர்வரைப் பொறுத்தது. ஜிம்ப்ரா வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. ஆடிட் லாக் என்ற பெயரிலேயே தனிக் கோப்பு இருக்கிறது, லாகின்கள் எல்லாம் அதில் வரும். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்சில் இரண்டு பதிவுகள் உண்டு: அட்மின்கள் செய்ததற்கு ஒன்று, மெயில் பெட்டிக்குள் நடப்பதற்கு ஒன்று. மேகத்தில் இருக்கும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இரண்டாவது பதிவும் 2019 முதல் தானாகவே இயங்குகிறது. உங்கள் சொந்த சர்வரில் நிறுவிய எக்ஸ்சேஞ்ச் என்றால் அதை ஒவ்வொரு பெட்டிக்கும் நீங்களே இயக்க வேண்டும். இயக்கினாலும் பெட்டியின் உரிமையாளர் என்ற பெயரில் நடப்பவை தொடக்கத்தில் பதிவாகாது, அட்மினோ பிரதிநிதியோ செய்தவை மட்டுமே பதிவாகும். மேலே சொன்ன திருடர் உரிமையாளராகத்தானே உள்ளே வந்தார்? எனவே உரிமையாளர் பகுதியில் குறைந்தது ரூல் மாற்றத்தையாவது பதியச் சொல்லிவிடுங்கள். பதிவே ஆகாத ஒன்றுக்கு அலர்ட் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் காத்திருந்திருக்கிறேன்.

மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளைத் திறந்து காட்டும் டவ்காட் என்று நீங்களே கோத்து வைத்த சர்வர் என்றால், ஆடிட் லாக் என்று ஒரு தனிப் பொருள் கிடையாது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் மெயில் டாட் லாக் கோப்பிலும், ரெட்ஹேட் வகைகளில் மெயில்லாக் கோப்பிலும் எல்லாமே கலந்து கிடக்கும். டவ்காட் எழுதும் லாகின் வரிகளும், போஸ்ட்ஃபிக்ஸ் வழியாக மெயில் அனுப்ப வந்தவரின் பயனர் பெயர் இருக்கும் வரிகளும்தான் உங்களுக்கு ஆடிட் லாக். சர்வரின் அமைப்புக் கோப்பை யாராவது திருத்தினார்களா என்பது இதில் வராது. அதற்கு லினக்ஸின் ஆடிட்-டி சேவையைப் பிடிக்க வேண்டும். ‘இந்தக் கோப்பில் யார் எழுதினாலும் குறித்து வை’ என்று ஒரு வரி கொடுத்தால் போதும். அதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று: முதலில் லாகின் செய்தவர் யார் என்பதை அது தனியாக நினைவில் வைத்திருக்கும். சூடோ கட்டளை போட்டு, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக மாறித்தான் திருத்தினார் என்றாலும், ரூட் என்ற முகமூடிக்குப் பின்னால் எந்த ஆள் என்று வரி சொல்லிவிடும்.

பயனர்கள் தாங்களே வைக்கும் ஃபார்வர்டுகளும் வடிகட்டிகளும் டவ்காட்டில் சீவ் என்ற வடிகட்டி மொழியின் ஸ்கிரிப்ட்டுகளாகச் சேமிக்கப்படுகின்றன. 4190 என்ற போர்ட்டை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை, அந்த ஸ்கிரிப்ட்டுகள் மாற்றப்படுவது அதன் வழியாகத்தான். அவை இருக்கும் ஃபோல்டரையும் ஆடிட்-டி கண்காணிப்பில் போட்டுவிடலாம்.

சரி, பதிவு கிடைத்துவிட்டது. இப்போது எதற்கெல்லாம் அலர்ட்? புதிதாக வருகிற எல்லோரும் முதலில் கை வைப்பது தோற்றுப்போன லாகின்களில்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒவ்வொரு தவறான பாஸ்வேர்டுக்கும் ஒரு மெயில் என்று ஒரு மாலையில் அமைத்துவிட்டு, பெருமையாகத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் இன்பாக்ஸ் நிரம்பி வழிகிறது. தாக்குதல் என்று பதறிப்போய்த் தேடினால், யாரோ பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, மேசை இழுப்பறையில் கிடந்த பழைய போனில் மாற்ற மறந்திருக்கிறார். அது ராத்திரி முழுக்கப் பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. இணையத்தில் திறந்திருக்கும் எந்த மெயில் சர்வரையும் யாராவது தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். மழை பெய்கிறது என்று ஒவ்வொரு துளிக்கும் தகவல் சொல்ல ஆள் வேண்டுமா?

என் கட்சி இதுதான்: தோற்றுப்போன முயற்சிகளை எண்ணிக்கையாகப் பாருங்கள், வெற்றி பெற்ற சின்னச் சின்ன மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உடைக்க முயன்று தோற்றவன் இன்னும் வெளியேதான் நிற்கிறான். சத்தமில்லாமல் ஒரு ரூல் எழுதியவன் உள்ளே இருக்கிறான்.

அப்படிப் பார்த்தால், நிகழ்ந்த உடனே தனி மெயிலாக வர வேண்டியவை சிலவே. வெளி முகவரிக்கு ஃபார்வர்டு வைக்கப்பட்டது. இன்பாக்ஸ் ரூல் புதிதாக எழுதப்பட்டது, அதுவும் மெயிலை அழிப்பதாகவோ ஒதுக்குப்புறமான ஃபோல்டருக்கு நகர்த்துவதாகவோ இருந்தால் கட்டாயம். ரூலின் பெயர் வெறும் ஒரு புள்ளியாக இருந்தால் இன்னும் சந்தேகப்படலாம், கண்ணில் படாமல் இருக்கத் திருடர்கள் அப்படி வைப்பதுண்டு. ஒருவரின் பெட்டியைத் திறக்கவோ அவர் பெயரில் மெயில் அனுப்பவோ இன்னொருவருக்கு அனுமதி தரப்பட்டது. அட்மின் உரிமை யாருக்காவது கூடியது. அமைப்புக் கோப்பு மாறியது. கடைசியாக, ஆடிட் பதிவையே யாரோ நிறுத்தியது. மற்ற எதை விட்டாலும் கடைசியில் சொன்னதை விடாதீர்கள், உள்ளே வந்தவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் அவர் தொடங்குவதே அங்கேதான்.

மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்துபவர்களுக்கு இவற்றில் சில ஆயத்தமாகவே கிடைக்கும். ஃபார்வர்டு ரூல் எழுதப்பட்டால் ஓர் அலர்ட், எக்ஸ்சேஞ்ச் அட்மின் உரிமை கூடினால் ஓர் அலர்ட் என்று முன்பே அமைத்து வைத்திருக்கிறார்கள். அது யாருக்குப் போகிறது என்று மட்டும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஆனால் ஃபார்வர்டுக்கான அந்த அலர்ட், மெயிலை வெளியே திருப்பிவிடும் ரூல்களைத்தான் பார்க்கும். நம் கதையில் வந்தவர் மெயிலை வெளியே அனுப்பவே இல்லையே, உள்ளேயே ஒரு ஃபோல்டருக்குத்தானே நகர்த்தினார்? ஆயத்த அலர்ட்டை நம்பி உட்கார்ந்தால் இப்படி ஓட்டை இருக்கும். இன்னொன்று, மேகத்து ஆடிட் பதிவில் ஒரு நிகழ்வு தேடலில் கிடைக்கவே பொதுவாக 60 முதல் 90 நிமிடம் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆகவே அதைத் தேடி எழுதும் உங்கள் சொந்த அலர்ட்டில் ‘உடனே’ என்பதற்கு அர்த்தம் கொஞ்சம் வேறு.

எண்ணிக்கையாகப் பார்க்க வேண்டியவற்றில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம், சுவாரசியமான இடம் இது. ‘10 நிமிடத்தில் 5 தவறு’ என்று ஒரு வரம்பு வைக்கிறீர்கள். தவறு செய்யும் ஐபியைத் தானாகவே தடுக்கும் ஃபெயில்டூபேன் கருவியின் இயல்பான அளவும் இதுவே. ஆனால் எதை எண்ணுகிறீர்கள்? ஒரே ஐபியிலிருந்து ஒரே கணக்கில் பல தவறுகள் என்றால் பெரும்பாலும் மறதிக்காரர், அல்லது நான் சொன்ன இழுப்பறை போன். ஒரே ஐபியிலிருந்து பல கணக்குகளில் தவறுகள் என்றால் கதை வேறு: எல்லோரும் வைக்கக்கூடிய ஒரு பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு வரிசையாக ஒவ்வொரு கதவிலும் போட்டுப் பார்க்கிறார்கள், கணக்குக்கு ஒரு முயற்சிதான் என்பதால் கணக்குவாரியாக எண்ணினால் வரம்பைத் தொடவே தொடாது. மூன்றாவது, ஒரே கணக்கில் பல ஐபிகளிலிருந்து. குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்து, ஐபி மாற்றி மாற்றி வருகிறார்கள், ஃபெயில்டூபேன் ஐபிவாரியாக எண்ணுவதால் அதற்கு இது தெரியாது. நான்காவது, யார் எங்கிருந்து என்று பார்க்காமல் சர்வர் முழுக்க மொத்தத் தவறுகள். ஜிம்ப்ராவில் ஆடிட் லாக்கைக் கண்காணிக்கும் ஆடிட் ஸ்வாட்ச் சேவை இந்த நான்கையும் தனித்தனியாக எண்ணுகிறது, ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு வைக்கலாம், யாருக்கு மெயில் போக வேண்டும் என்றும் சொல்லலாம். நீங்கள் வேறு சர்வர் வைத்திருந்தாலும் இந்த நான்கு கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வரம்பு எண் எவ்வளவு என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒரு வாரம் அலர்ட் அனுப்பாமல் வெறுமனே எண்ணிப் பார்த்து, சாதாரண நாளில் எவ்வளவு வருகிறதோ அதற்குக் கொஞ்சம் மேலே வையுங்கள்.

இனி எந்திரப் பகுதி. எந்தக் கருவியை எடுத்தாலும் உள்ளே நடப்பது மூன்று வேலை: லாக்கைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பது, புதிய வரி நம் நிபந்தனைக்குப் பொருந்துகிறதா என்று முடிவு செய்வது, பொருந்தினால் மெயில் அனுப்புவது. பார்க்கிற வேலையில் ஒரு பழைய பள்ளம் இருக்கிறது. லாக் கோப்புகள் பெருத்துவிடாமல் இருக்க லாக்ரொட்டேட் அவ்வப்போது பழையதைப் பெயர் மாற்றிவிட்டுப் புதிய கோப்பைத் தொடங்கும். கோப்பில் புதிதாக வரும் வரிகளைக் காட்டிக்கொண்டே இருக்கும் டெயில் கட்டளையில் சின்ன எஃப் போட்டிருந்தால் அது பெயர் மாறிய பழைய கோப்பையே பிடித்துக்கொண்டு நிற்கும், புதிய கோப்பில் என்ன வந்தாலும் தெரியாது. பெரிய எஃப் போட்டால்தான் பெயரைப் பின்தொடரும். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதி ‘முதல் வாரம் நன்றாக வேலை செய்தது, அப்புறம் சத்தமே இல்லை’ என்பவர்கள் முதலில் இங்கே பாருங்கள்.

சிறிய சர்வர் ஒன்றுக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. லினக்ஸில் லாக் வரிகளை வாங்கி எழுதும் ஆர்சிஸ்லாக்கிலேயே மெயில் அனுப்பும் பகுதி ஒன்று உண்டு. குறிப்பிட்ட சொல் இருக்கும் வரி வந்தால் மெயில் அனுப்பு, ஆனால் இத்தனை நொடிக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பாதே என்று அதிலேயே எழுதலாம். அந்த இரண்டாம் பாதியை மறக்காதீர்கள். ஃபெயில்டூபேன், ஐபியைத் தடுப்பதோடு, பொருந்திய லாக் வரிகளையும் சேர்த்து உங்களுக்கு மெயில் அனுப்பும். சர்வர்கள் நான்கைந்து ஆகிவிட்டால் லாக்குகளை ஓரிடத்தில் சேர்த்து, கிரேலாக், வாசு (Wazuh) போன்ற கருவிகளில் அலர்ட் வைப்பது நல்லது. அதில் இன்னொரு லாபமும் உண்டு: சர்வருக்குள் புகுந்தவர் அங்கிருக்கும் லாக்கை அழித்தாலும், வேறொரு எந்திரத்துக்கு ஏற்கெனவே போய்விட்ட பிரதியை அழிக்க முடியாது.

அனுப்புகிற வேலையில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். நீங்கள் கண்காணிப்பது மெயில் சர்வரை, தகவல் வருவதும் மெயிலில். முதல் சிக்கல், வட்டம். அலர்ட் மெயில் அதே சர்வர் வழியாகப் போகும்போது அதுவும் லாக்கில் ஒரு வரியாகப் பதிவாகும். பொருள் வரியை லாக் செய்யும்படி சர்வரை அமைத்திருந்து, அலர்ட்டின் பொருள் வரியில் நீங்கள் தேடும் சொல்லே இருந்தால் போச்சு. அந்த வரி இன்னொரு அலர்ட்டைக் கிளப்பும், அது இன்னொன்றை. அலர்ட் அனுப்பும் முகவரி இருக்கும் வரிகளை நிபந்தனையிலிருந்து முதலிலேயே விலக்கி வையுங்கள்.

இரண்டாம் சிக்கல் இதைவிடப் பெரிது. சர்வர் படுத்துவிட்டால், ‘சர்வர் படுத்துவிட்டது’ என்ற மெயிலும் அதே சர்வரின் க்யூவில்தான் படுத்திருக்கும். அட்மின் கணக்கே களவு போயிருந்தால், அலர்ட் போய் விழுவது திருடர் திறந்து வைத்திருக்கும் அதே இன்பாக்ஸில். அவர் சிரித்துக்கொண்டே அழித்துவிடுவார். ஆகவே அலர்ட் போய்ச் சேரும் பெட்டி வேறொரு சேவையில், வேறு பாஸ்வேர்டோடு, இரண்டடுக்குச் சரிபார்ப்போடு இருக்கட்டும். அனுப்பும் வழியும் வேறாக இருந்தால் உத்தமம்: வேறொரு சர்வருக்கு 587 போர்ட்டில் பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து நேரடியாக ஒப்படைக்கும்படி செய்யலாம். வெளிப் பெட்டிக்கு அனுப்பும்போது எஸ்பிஎஃப் பதிவு, அதாவது உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற அறிவிப்பு, சரியாக இல்லையென்றால் அலர்ட் நேராக ஸ்பாமுக்குப் போகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு மட்டும் ஒரு கிளைக்கதை. பல கருவிகள் தங்கள் அலர்ட்டை ரூட் என்ற பயனருக்கு அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும். ஆடிட்-டி கூட, வட்டில் இடம் குறைந்தால் மெயில் அனுப்பும்படி அமைத்தால் ரூட்டுக்குத்தான் அனுப்பும். அந்த ரூட் பெட்டியை யாராவது திறந்ததுண்டா? சில சர்வர்களில் ஆண்டுக்கணக்கான எச்சரிக்கைகள் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். எந்தப் பெயருக்கு வரும் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அலியாஸஸ் கோப்பில் ரூட்டுக்கு எதிரே நீங்கள் உண்மையில் படிக்கும் முகவரியை எழுதி, நியூஅலியாஸஸ் கட்டளையை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. ஆடிட்-டி இந்த ஒரு விஷயத்துக்குத்தான் மெயில் அனுப்பும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது குறித்து வைக்கும் கோப்புத் திருத்தங்களை எடுத்து உங்களுக்கு அனுப்ப மேலே சொன்ன கருவிகளில் ஒன்று வேண்டும்.

அலர்ட் மெயிலின் பொருள் வரியை எழுதும்போது, அதை நடுராத்திரியில் போன் திரையில் அரைத் தூக்கத்தில் படிக்கப்போகும் உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ‘எச்சரிக்கை: பாதுகாப்பு நிகழ்வு கண்டறியப்பட்டது’ என்று வந்தால் என்ன செய்வீர்கள்? ‘கணக்குப் பிரிவு பெட்டியில் புதிய ஃபார்வர்டு, வெளி முகவரிக்கு’ என்று வந்தால் எழுந்து உட்காருவீர்கள். உள்ளே கணக்கு, ஐபி, நேரம், மூல லாக் வரி இருக்கட்டும். நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை: மேகச் சேவைகளின் ஆடிட் பதிவுகள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், உங்கள் சர்வர் லாக் உள்ளூர் நேரத்தில் இருக்கலாம். இரண்டையும் ஒப்பிடும்போது ‘அவர் லாகின் செய்வதற்கு முன்பே ரூல் எழுதியிருக்கிறாரே’ என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருக்க, எந்த நேரம் என்று மெயிலிலேயே எழுதிவிடுங்கள். பாஸ்வேர்டோ, மெயிலின் உள்ளடக்கமோ அலர்ட்டில் வந்துவிடாமலும் பாருங்கள், நீங்கள் அதை அனுப்புவது வெளிப் பெட்டிக்கு.

உடனடி அலர்ட்டுக்குத் தகுதியில்லாத மற்ற எல்லாம் தினம் ஒரு தொகுப்பாக வந்தால் போதும். லாக்வாட்ச் என்ற கருவி இதைத்தான் செய்கிறது. காலையில் ஒரு முறை கண்ணை ஓட்டினால் ‘நேற்றைவிட இன்று ஏன் இவ்வளவு?’ என்று தானாகவே தோன்றும்.

எல்லாம் அமைத்த பிறகு சோதனை. உங்கள் சொந்தச் சோதனைக் கணக்கில் லாகின் செய்து, ஒரு ஃபார்வர்டு வையுங்கள், ஒரு ரூல் எழுதுங்கள், வேண்டுமென்றே நாலைந்து முறை பாஸ்வேர்டைத் தப்பாக அடியுங்கள். செய்த நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, எந்த மெயில் எத்தனை நிமிடம் கழித்து வந்தது, எது வரவே இல்லை என்று எழுதுங்கள். முதல் முறையே எல்லாம் வந்து நான் பார்த்ததில்லை. லாக்ரொட்டேட் ஓடி முடிந்த மறுநாள் இதையே இன்னொரு முறை செய்யுங்கள், சர்வரை ரீஸ்டார்ட் செய்த பிறகும் ஒரு முறை.

அதற்கப்புறம் வாரக்கணக்கில் எதுவுமே வராமல் இருக்கலாம். ஒன்றும் நடக்கவில்லையா, அலர்ட் அனுப்பும் ஸ்கிரிப்ட்டே செத்துவிட்டதா? வெறும் இன்பாக்ஸைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நான் தினமும் காலை 8 மணிக்கு ஒரு போலி நிகழ்வை லாக்கில் எழுத வைத்திருக்கிறேன். லாகர் என்ற கட்டளை ஒரு வரியை சிஸ்லாக்கில் போட்டுவிடும், அது மற்ற வரிகள் போகும் அதே பாதையில் போய் மெயிலாக வந்து சேரும். 8.05க்கு அது வரவில்லையென்றால் அன்றைய முதல் வேலை எனக்கு அதுதான்.